பகலில் பாக்கிக் கடிதம், ஞாயிறு மதியம் பப் பியானோ

கேள்வி கேட்டவர் லண்டனில் கணக்காளர். வயது 34. சின்ன வயதில் கீபோர்டு கற்றிருக்கிறார். போன மாதம் கிழக்கு லண்டனில் ஒரு பப்புக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். மூலையில் ஒருவர் பியானோ வாசிக்க, அங்கிருந்த கூட்டம் முழுக்கப் பழைய மியூசிக் ஹால் பாட்டுகளை, அதாவது நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில அரங்குகளின் ஜனரஞ்சகப் பாட்டுகளை, தொண்டை கிழியப் பாடியிருக்கிறது. மனுஷன் சொக்கிப்போய்விட்டார். “இதை நானும் செய்யவேண்டும். வேலையை வைத்துக்கொண்டே முடியுமா, இல்லை ஒரு கட்டத்தில் விட்டுவிட வேண்டியதுதானா?” என்று கேட்கிறார்.

வேலையை விடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் மீதி முழுவதும்.

நான் 14 வருடமாக இதைச் செய்கிறேன். பகலில் லண்டன் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஒன்றில் வரிப் பாக்கி வசூல் பிரிவில் உத்தியோகம். கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரியைக் கட்டத் தவறியவர்களுக்கு முதலில் நினைவூட்டல், அப்புறம் இன்னொரு கடிதம், அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்ற சம்மன். ஞாயிறு வந்தால் பியானோ முன் உட்கார்ந்து, வாடகை பாக்கியோடு இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்து ஓடும் ஒரு குடும்பத்தைப் பற்றி நூறு பேரைப் பாடவைக்கிறேன். மியூசிக் ஹால் பாடகி மேரி லாய்ட் பாடிப் புகழ்பெற்ற, 1919ஆம் வருடத்து ‘மை ஓல்ட் மேன்’ பாட்டின் கதை அதுதான். சாமான் ஏற்றிய வண்டி முன்னால் போய்விடுகிறது. வண்டியில் இடமில்லாத மனைவி கூண்டுக் குருவியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருகிறாள். வழியில் பப்பைப் பார்த்து ஒதுங்குகிறாள், வழி தவறிவிடுகிறாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பாடுகிற பாட்டு, ஆனால் உள்ளே இருப்பது வீட்டுக்காரனுக்குப் பயந்து ஓடுகிற ஏழைகளின் கதை. திங்கள்கிழமை காலை அலுவலகத்தில் ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று திரும்பி வந்த உறைகளைப் பிரிக்கும்போது அந்த மெட்டு தானாக வாயில் வரும். இந்த முரண்பாடு ஆரம்பத்தில் உறுத்தியது. இப்போது பழகிவிட்டது.

இந்த வகை நிகழ்ச்சிக்கு இங்கே வழங்கும் கேபரே என்ற சொல்லால் நம் ஆட்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஊரில் அம்மாவிடம் போனில் “கேபரே பண்றேன்” என்று சொன்னபோது நீண்ட மௌனம். அவர் மனதில் ஓடியது ஜோதிலட்சுமி காலத்து கிளப் டான்ஸ். இங்கே சங்கதி வேறு. மேசை போட்டு, சாப்பாடும் குடியுமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே நடக்கிற பாட்டுக் கச்சேரி, அவ்வளவுதான். மியூசிக் ஹாலின் பிறப்பே அப்படித்தான். விக்டோரியா காலத்தில் பப்புகளின் பின்னறைகளில் பாட்டும் சாப்பாடுமாக நடந்ததை, சார்ல்ஸ் மோர்ட்டன் என்ற பப் முதலாளி 1852இல் லாம்பெத் பகுதியில் கேன்டர்பரி ஹால் என்று தனியாகக் கட்டி நடத்தினார். அது ஓடியதைப் பார்த்து ஊர் முழுக்க ஹால்கள் முளைத்தன. 1859இல் திறந்த வில்ட்டன்ஸ், வைட்சேப்பல் பக்கம் ஒரு சந்துக்குள் இன்றும் இருக்கிறது. நடுவில் மெதடிஸ்ட் மிஷன் கூடமாக, பழந்துணி பிரிக்கும் கிடங்காக எல்லாம் இருந்து, 1960களில் இடிபடத் தப்பிய கட்டடம். ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். முறுக்கு முறுக்காக நிற்கும் அந்த மெல்லிய இரும்புத் தூண்களுக்கு நடுவில் நின்றால், இந்தப் பாட்டுகள் எந்த அளவு இடத்துக்காக எழுதப்பட்டவை என்று காது சொல்லிவிடும்.

அங்கே நிகழ்ச்சியை நடத்துபவருக்கு சேர்மன் என்று பெயர். மேசையில் சுத்தியலைத் தட்டி, வாயில் நுழையாத அடுக்குமொழியில் அடுத்து வருபவரை அறிமுகம் செய்வார். கூட்டம் அவரைக் கேலி செய்யும், அவர் திருப்பிக் கொடுப்பார். நம் பட்டிமன்ற நடுவரையும் திருவிழா மேடை அறிவிப்பாளரையும் ஒரே ஆளாகக் கலந்தால் கிட்டத்தட்ட அவர்தான். லீட்ஸ் நகரத்து சிட்டி வெரைட்டீஸ் அரங்கிலிருந்து பிபிசி 1953 முதல் 1983 வரை ‘த குட் ஓல்ட் டேஸ்’ என்று ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. லெனர்ட் சாக்ஸ் சேர்மன். பார்வையாளர்கள் எட்வர்ட் மன்னர் காலத்து உடையில் வந்து உட்காருவார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடி முடிப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்து பாடப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தது ஹாலிலிருந்து இல்லை, அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருவோம். இந்தக் கலையின் பெரிய நட்சத்திரங்கள் முழுநேரக்காரர்கள்தான், ஒரே இரவில் மூன்று நான்கு ஹால்களுக்கு வண்டி மாறி ஓடியவர்கள். மேரி லாய்ட் 1922 அக்டோபரில் எட்மன்டன் எம்பயரில் நிற்க முடியாமல் தள்ளாடியபோது, அது நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. மூன்று நாளில் இறந்துபோனார், வயது 52. அந்த வாழ்க்கைக்கு யாரும் ஆசைப்பட வேண்டியதில்லை. ஆனால் கூடிப் பாடும் பாட்டு என்கிற கிளையைத் தாங்கியதில் வேறு தொழில் செய்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பாடிக்கொண்டே போன டிப்பரேரி பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் அதை மேடையேற்றிய ஜாக் ஜட்ஜ், ஓல்ட்பரியில் மீன் கடை வைத்திருந்தவர். ஸ்டாலிபிரிட்ஜில் ஐந்து ஷில்லிங் பந்தயத்துக்காக ஒரே இரவில் எழுதினார் என்று கதை. மெட்டு ஏற்கெனவே நண்பர் ஹாரி வில்லியம்ஸோடு போட்டது என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் மீன் வெட்டிய கைதான்.

உடை முழுக்க முத்துச்சிப்பிப் பொத்தான் தைத்துக்கொண்டு வரும் ‘பேர்லி’ ராஜா ராணிகளை லண்டனில் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிவைத்த ஹென்றி கிராஃப்ட் அனாதை இல்லத்தில் வளர்ந்த தெருக்கூட்டும் தொழிலாளி. பேர் வாங்கிய பிறகும் துடைப்பத்தை விடவில்லை.

எனக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் கிளாடிஸ் மில்ஸ், மேடையில் ‘மிஸஸ் மில்ஸ்’. அரசின் பேமாஸ்டர் ஜெனரல் அலுவலகத்தில் டைப்பிங் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு நேரத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவரை 1961இல் கண்டுபிடித்தார்கள். அப்போது வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. குண்டான, சிரித்த முகம், நம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாதிரி. ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் வாசித்த 1905ஆம் வருடத்து ஸ்டைன்வே கம்பெனியின் நிமிர்ந்து நிற்கும் (அப்ரைட்) பியானோவை இன்றும் ‘மிஸஸ் மில்ஸ் பியானோ’ என்றுதான் சொல்கிறார்கள். சுத்தியல்களை வேண்டுமென்றே கெட்டிப்படுத்தி, பப் பியானோ மாதிரி கணகணவென்று ஒலிக்கவைத்தது. பீட்டில்ஸின் ‘லேடி மடோனா’வில் கேட்பது அந்தப் பியானோதான். அரசாங்க டைப்பிஸ்ட் அம்மாவின் பெயரில் உள்ள பியானோவில் பீட்டில்ஸ் வாசித்தார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இன்னொருவர் வினிஃப்ரெட் ஆட்வெல். டிரினிடாடில் பிறந்தவர், குடும்பத்துக்கு மருந்துக்கடை, அவரும் மருந்தாளர் படிப்பு படித்தவர். லண்டனுக்கு வந்தது ராயல் அகாடமியில் செவ்வியல் பியானோ கற்க. பேர் வாங்கியது பேட்டர்சீ பழைய சாமான் கடையில் 50 ஷில்லிங்குக்கு வாங்கிய சுருதி சேராத பியானோவில். மேடையில் முதலில் பெரிய கிராண்ட் பியானோவில் செவ்வியல் இசை வாசிப்பார், அப்புறம் “என் இன்னொரு பியானோ” என்று அந்தப் பழசுக்கு மாறுவார். 1954இல் கூடிப் பாடும் பாட்டுகளைத் தொடுத்து அவர் வெளியிட்ட இசைத்தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அந்த இடத்தைப் பிடித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர். “காக்னி பாட்டு வாசிக்க நீ யார்?” என்ற கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும் (காக்னி என்றால் கிழக்கு லண்டன் உழைக்கும் ஜனங்கள்). எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டாவது முறை கேட்டவர் நிதானத்தில் இல்லை. அப்போது இந்தப் பெயரை நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டேன், அவரும் பாடினார்.

சரி, வாசிப்புக்கு வருவோம். முக்கியமான இடம் இதுதான், பெரும்பாலானோர் சறுக்குவதும் இங்கேதான். நன்றாகப் பாடுகிறவர், நன்றாக வாசிக்கிறவர் இந்த வேலைக்குச் சரிப்பட்டு வருவதில்லை. பாட்டு உங்களுடையது இல்லை, கூட்டத்துடையது. நீங்கள் அதை எடுத்துக் கொடுக்கிறீர்கள். எடுத்துக் கொடுத்ததும் கீழே நின்று தாங்க வேண்டும். உங்கள் குரல் தனியாகக் கேட்கிற நொடியில் கூட்டம் வாயை மூடிக்கொண்டு ரசிகராகிவிடும். ரசிகராக்குவது சுலபம். மறுபடி பாடவைக்க இரண்டு பாட்டு ஆகும்.

நான் இதைக் கற்றது லண்டனில் இல்லை, பாளையங்கோட்டையில். ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் என் முதல் வாத்தியார். பாமாலைக்கு வாசிக்கும்போது அவர் சொன்ன விதிகள் எல்லாம் இங்கே அப்படியே செல்லும். பாட்டின் கடைசி வரியை முதலில் வாசித்துக் காட்டு, அதிலேயே சுருதியும் காலமும் ஜனங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சுக்கு இடம் விடு, உன் மூச்சுக்கு இல்லை, கடைசி வரிசையில் இருக்கிற பாட்டியின் மூச்சுக்கு. அவர்கள் இழுத்தால் கூட இழுக்காதே, விட்டுவிட்டு ஓடவும் செய்யாதே. பஜனையில் பாகவதர் அடியெடுத்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இது புரியும். டிரினிட்டி கிரேடு தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த சொனாட்டா ஒன்றுகூட எனக்கு இங்கே உதவவில்லை. சபைக்கு வாசித்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் உதவின.

மியூசிக் ஹால் பாட்டில் நம் பழக்கத்துக்குத் தலைகீழாக ஒன்று உண்டு. சரணம் முதலில், கதை சொல்லும். பல்லவி அப்புறம், எல்லோருக்கும். ஜனங்களுக்குத் தெரிந்தது பல்லவி மட்டும்தான். 1892இல் ஹாரி டேக்கர் எழுதிய ‘டெய்சி பெல்’ பல்லவியை, இரட்டைச் சைக்கிளில் கல்யாணம் செய்துகொள்ளக் கூப்பிடும் அந்தப் பாட்டை, யாரைக் கேட்டாலும் பாடுவார்கள். சரணத்தைத் தொடங்கினால் முழிப்பார்கள். ஆகவே பப்பில் சரணம் வேண்டாம். நான்கைந்து பல்லவிகளைத் தொடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை, நடுவில் நிறுத்தாமல். மிஸஸ் மில்ஸின் சூத்திரமும் அதேதான். கைதட்டலுக்கு இடம் விட்டால் சூடு ஆறிவிடும். ஒரு சரணம் மட்டும் நான் எப்போதும் தனியாகப் பாடுவேன், முதலில் சொன்ன ‘மை ஓல்ட் மேன்’ சரணம். வாடகைக் கதை தெரியாமல் பல்லவியைப் பாடுவது எனக்கு என்னவோ போல இருக்கும்.

அடுத்து சுருதி. பழைய அச்சுத் தாள்களில் உள்ள சுருதி தொழில்முறைப் பாடகர்களுக்கானது, அதை அப்படியே வாசித்தால் எண்பது வயதுக்காரர்கள் பாதியில் கீச்சிட்டு நிறுத்திவிடுவார்கள். முதல் வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் இப்படித்தான் ஆனது. அறையில் முப்பது பேர், உச்சத்தில் நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். இப்போது என் கணக்கு, பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் ஸ்தாயி இரண்டு கட்டையை (D) தாண்டக்கூடாது, முதியோர் இல்லம் என்றால் ஒன்றோடு (C) நிறுத்து. அதற்குத் தக்கபடி பாட்டை நாலு கட்டைக்கோ (F) ஐந்து கட்டைக்கோ (G) இறக்கிக்கொள்ளுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்பி இருக்காதீர்கள், பப் பியானோவில் அது கிடையாது. வால்ட்ஸ் தாளத்துப் பாட்டுகளை, நம் கணக்கில் திஸ்ர நடை, முன்பாதியிலேயே வையுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே தோளோடு தோள் சேர்த்து ஆட அந்தத் தாளம் போல எதுவும் இல்லை. ஆடத் தொடங்கிவிட்டால் பாட வெட்கம் போய்விடும்.

முன்னால் சொன்ன தொலைக்காட்சி விஷயம். இன்று 85 வயதில் இருப்பவர் 1940 வாக்கில் பிறந்தவர். அவர் வாலிபத்தில் கேட்டது ராக் அண்ட் ரோல், பீட்டில்ஸ். மியூசிக் ஹால் பாட்டு அவருடைய தாத்தா பாட்டி பாடியது. போர்க்காலப் பதுங்குகுழிகளில், கிறிஸ்துமஸ் இரவு வீட்டுப் பியானோவைச் சுற்றி, கடலோரத்துக்குப் போகும் சுற்றுலாப் பேருந்தில், அப்புறம் 1983 வரை பிபிசியில் என்று அது ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நான் ஆரம்பித்த வருடங்களில் முதியோர் இல்லத்தில் எந்தப் பாட்டைத் தொட்டாலும் மடை திறந்த மாதிரி வரும். இப்போது பாதிப் பாட்டுக்கு உதடு மட்டும் அசைகிறது. எல்விஸ் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், வாசிக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் பப்பில் நிலைமை வேறு. முப்பது வயதுப் பிள்ளைகள் தாடியும் தொப்பியுமாக வந்து, பாட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பாட்டை முதல்முறையாகப் பாடுகிறார்கள். நீங்கள் பார்த்ததும் அந்தக் கூட்டமாகத்தான் இருக்கும்.

முதியோர் இல்லத்தில் பாட்டு கேட்டு நினைவு திரும்பி எல்லோரும் கண்ணீர் விடுகிற காணொளிகளைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நடப்பதுண்டு, ஆனால் அரிது. பெரும்பாலும் ஒருவர் தூங்குவார், ஒருவர் தேநீர் கேட்பார், ஒருவர் தாளம் தப்பாமல் மேசையைத் தட்டுவார். ராயல் டாக்ஸில் சரக்கு இறக்கிய ஒரு பெரியவர் ஒவ்வொரு மாதமும் என்னைத் திருத்துவார். நான் பாடுவது அச்சில் வந்த வரி, அவர்கள் கப்பல்துறையில் பாடியது வேறு. அவர் பாடிக் காட்டினார், பச்சையான வரிகள். பக்கத்தில் இருந்த செவிலியர் சிவந்துபோனார். நான் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மேடையில் பாட முடியாது, தொலைத்துவிடவும் மனமில்லை.

எதைப் பாடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த மரபில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த ஆட்டம் பெரிய அளவில் இருந்தது. பிபிசியே ‘பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ’ என்று 1958 முதல் 1978 வரை அதை ஒளிபரப்பியது. சில பழைய தொகுப்புகளை வாங்கினால் அந்தப் பாட்டுகள் சர்வசாதாரணமாக நடுவில் வரும். மெட்டு நன்றாகவே இருக்கும், அதுதான் சிக்கல். நான் வாசிப்பதில்லை. கேட்பவர்களிடம் சண்டையும் போடுவதில்லை, “அது என்னிடம் இல்லை” என்று சொல்லி வேறொன்றுக்குத் தாவிவிடுவேன்.

இனி அலுவலகம். முதியோர் இல்லங்கள் கூப்பிடுவது பெரும்பாலும் வார நாளில் மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில். நீங்கள் அப்போது அலுவலகத்தில் இருப்பீர்கள். முழுநேரத் தொழிலாகச் செய்பவர்களுக்கு வருமானம் அந்த மதியங்களில்தான், ஆகவே அந்த இடத்தில் நீங்கள் அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். எனக்குச் சட்டப்படி கிடைக்கும் 28 நாள் விடுப்பில், பொது விடுமுறை போக மிச்சத்தில், ஏழெட்டு நாளை இதற்கென்று ஒதுக்குகிறேன். மே 8 வெற்றி நாள் (ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள்), டிசம்பரில் மூன்று நாள், மற்றவை அரை நாளாக. 2025இல் போர் முடிந்த 80ஆம் ஆண்டு என்பதால் அந்த மே மாதத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மற்றபடி ஞாயிறு மதியமும் எப்போதாவது வியாழன் இரவும். வியாழன் இரவு வாசித்தால் வீடு வர பதினொன்றரை, வெள்ளி காலை எட்டரைக்கு மேசையில். முப்பதுகளில் தெரியாது. நாற்பதைத் தாண்டினால் தெரியும்.

வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளி வேலை செய்தால் அறிவிக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலானவற்றில் இருக்கும், அரசு சார்ந்த இடங்களில் படிவமே உண்டு. முதல் வருடம் நான் சொல்லவில்லை, கூச்சம். ஒருநாள் வரிப் பாக்கி விஷயமாக வந்த ஒரு பெரியவர் கவுண்டரில் என்னைப் பார்த்து, “நீ அந்தப் பியானோக்காரன்தானே?” என்று அலுவலகத்துக்கே கேட்கும்படி கூவிவிட்டார். மேலாளர் எட்டிப் பார்த்தார். மறுநாளே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். ‘வெளி வேலையின் தன்மை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்து, ‘கூட்டத்தைப் பாடவைத்தல்’ என்று எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டுப்பாட்டு முடிந்த மறுநாள் தொண்டை கட்டியிருக்கும் என்பதால் திங்கள் காலைத் தொலைபேசி முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். கரகரத்த குரலில் சம்மன் பற்றிப் பேசினால், எதிர்முனையில் இருப்பவர் நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொல்கிறார்.

விசா விஷயம் உங்களுக்குப் பொருந்துமோ என்னவோ, படிக்கிற வேறு யாருக்காவது உதவும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக்கூடாது, கேளிக்கைக் கலைஞராக வேலை செய்யவும் கூடாது. வேலை விசாவிலும் பக்க வேலைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. காசு வாங்கும் முன் விதியைப் படியுங்கள்.

காசு என்றால், எனக்கு முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேரத்துக்கு 80 முதல் 120 பவுண்டு வரை. பப்பில் அதை ஒட்டி, கூடவே ஒரு சாப்பாடு. கணக்காளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும்: வரி ஆண்டில் இந்த வகை மொத்த வரவு 1,000 பவுண்டுக்குள் இருந்தால் பொதுவாக வரித் துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாண்டினால் ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் சுயமதிப்பீட்டுக்குப் பதிவு செய்ய வேண்டும். மேடைக்குப் போகும் இடங்களில் பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். இசைக்கலைஞர் சங்கத்தில் சேர்ந்தால் அது உறுப்பினர் சலுகையோடு வந்துவிடுகிறது, நான் சேர்ந்ததே அதற்காகத்தான்.

பாட்டுத் தாள் அச்சடிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பொது இடத்தில் பாடுவதற்கான உரிமம் இடத்துக்காரர் பொறுப்பு. ஆனால் வரிகளை அச்சடித்து விநியோகிப்பது தனி உரிமை. பிரிட்டனில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை. ‘மை ஓல்ட் மேன்’ எழுதியவர்கள் 1920களிலேயே காலமானவர்கள், கவலையில்லை. அதே பழைய வாசனை வீசினாலும் லண்டன்காரர்களின் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்ட 1940களின் ‘மேபி இட்ஸ் பிகாஸ் ஐ’ம் எ லண்டனர்’ பாட்டை எழுதிய ஹியூபர்ட் கிரெக் இறந்தது 2004இல்தான். கேட்டால் நூறு வயதுப் பாட்டு போலத் தோன்றும், தாளில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதை எல்லோருக்கும் மனப்பாடம், தாள் தேவையே இல்லை. மற்றவற்றைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள், பப்பில் வெளிச்சம் குறைவு.

இப்போது முதல் கேள்விக்கு. சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால்தான் நான் எட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மழைநாள் ஞாயிறுக்கும் போகிறேன். முழுநேரத்தில் இறங்கிய நண்பர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள். அவர்கள் வாரத்துக்குப் பன்னிரண்டு இல்லங்களுக்கு ஒரே பட்டியலை வாசிக்கிறார்கள். ஒருவர் சொன்னார், இப்போதெல்லாம் வீட்டில் பியானோவைத் திறப்பதே இல்லை என்று. நான் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கட்டையைக்கூடத் தொட முடியாமல், விரல் அரித்துக்கொண்டு இருக்கிறேன். ஞாயிறு மதியம் அந்த அரிப்போடு போய் உட்காருகிறேன், கூட்டத்துக்கு அது தெரிகிறது.

தொடங்குவது எப்படி என்றால், நீங்கள் பார்த்த அதே பப்புக்குத் திரும்பப் போங்கள். நான்கைந்து ஞாயிறு சும்மா பாடுங்கள். பியானோக்காரருக்கு அருகில் நின்று, அவர் எப்போது சத்தத்தைக் குறைக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், எதை வாசிக்கிறார் என்று பார்க்க வேண்டாம். ஒருநாள் அவர் கழிப்பறைக்கோ சிகரெட்டுக்கோ எழுந்து போவார். “இரண்டு பாட்டு பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார், என்னை அப்படித்தான் ஒருவர் கேட்டார். அன்றைக்கு நடு ஸ்தாயி நாலு கட்டை ஒலிக்காது என்று அவர் சொல்ல மறந்துவிட்டார். நான் தெரியாமல் நாலு கட்டை சுருதியிலேயே தொடங்கி, ஒவ்வொரு வரியும் வந்து விழ வேண்டிய ஸ்வரத்தில் வெறும் மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஸ்வரத்தை எனக்குப் பதிலாக அவர்களே ஒவ்வொரு முறையும் சத்தமாகப் பாடி நிரப்பினார்கள். பிறகு விசாரித்தால், அந்தக் கட்டை அப்படித்தான் ஆறு வருடமாக இருக்கிறதாம்.